காரணம் தெரிந்தவர்

"...புள்ள தூங்கினு இருந்தான். எழுப்புனா என்னால போவ முடியாதுன்னு எனக்குத் தெரியும், அதான் எழுப்பல. பொடவைய எடுத்து அவன் மேல போத்திட்டு, கதவ சாத்தாமயே வந்துட்டேன். சாத்துனா சத்தம் வரும். தெருமுனை வரைக்கும் திரும்பிப் பாத்துக்கினே வந்தேன். ஒரு நாயி கூட கொலைக்கல. கொலைச்சிருந்தா நின்னிருப்பேனோ இன்னாவோ" என்றார் அக்கா. சொல்லிக்கொண்டே உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டார்.

பிள்ளையை விட்டுவிட்டுப் போனது அக்கா அல்ல. மண்ணூரில் அவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்த ஒருத்தி. வெல்டிங் காண்ட்ராக்டில் வந்த ஒருவனோடு போய்விட்டாள். காலையிலிருந்து நாங்கள் அவளைத்தான் கிழித்துக்கொண்டிருந்தோம். "பெத்த வயிறா அது" என்று ஆரம்பித்து வைத்தவள் பாக்கியம். ஆளுக்கொரு வார்த்தை சேர்த்து நன்றாகச் சூடு ஏறியிருந்த நேரத்தில்தான் அக்கா, சாப்பாட்டில் முடி விழாமலிருக்க நாங்கள் போடும் தலைத்தொப்பியைக் காதுக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார். தொப்பி மேலே ஏறினால் கதை வரப்போகிறது என்று அர்த்தம். கதை முடிந்தபோது பாக்கியம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இந்த வெங்காயம் ரொம்பக் காரம்" என்றாள்.

ஒரகடம் பக்கம் பெரிய கம்பெனி ஒன்றின் கேன்டீனில் காய் நறுக்கும் இடம் அது. ஒரு ஊரே சாப்பிடுகிற கேன்டீன். மூட்டை மூட்டையாக வெங்காயமும் முட்டைக்கோசும் வந்து இறங்கும். நாங்கள் பெண்கள் ஏழெட்டுப் பேர் குட்டை ஸ்டூல்களைப் போட்டு வட்டமாக உட்கார்ந்து நறுக்குவோம். கைக்குத்தான் வேலை, வாய் சும்மா இருக்கும். சும்மா இருக்கிற வாய்க்கு யாராவது ஒருவர் வேண்டுமே. ஓடிப்போனவள், குடித்துவிட்டு ஷிஃப்டுக்கு வந்தவன், மாமியாருக்குச் சோறு போடாத மருமகள் என்று தினமும் ஒருவரை நடுவில் கிடத்தி நறுக்குவோம். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்கிறவர் அக்கா.

கெடுக்கிற விதம்தான் புதிது. "அவளுக்கு என்ன கஷ்டமோ" என்று பொதுவாகச் சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதைக் கேட்டு யாரும் திட்டுவதை நிறுத்த மாட்டார்கள். அக்கா அப்படிச் சொல்ல மாட்டார். திட்டு வாங்குகிற ஆளாக மாறி, "நான்" என்று ஆரம்பித்துவிடுவார். குரலை மாற்றி நடிப்பதெல்லாம் கிடையாது. நேற்று என்ன சமைத்தேன் என்று சொல்கிற அதே குரல்தான். அதனால்தான் தாங்க முடியாது. நடித்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம்.

"அக்காகிட்ட சொல்லாதீங்கடி. அப்புறம் திட்டுறதுக்கு ஆளே கெடைக்காது" என்பாள் பாக்கியம். உண்மையிலேயே அக்கா வருகிறார் என்றால் பேச்சை அவசர அவசரமாக முடித்துக்கொள்வோம், அவர் வந்து உட்காருவதற்குள் கெட்டவர் கெட்டவராகவே இருந்துவிடட்டும் என்று.

ஒருமுறை தயிர் அண்டாவில் பூனை வாய் வைத்துவிட்டது. அண்டாவையே கொட்ட வேண்டியதாயிற்று. எல்லோரும் பூனையைத் துரத்திவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தபோது அக்காவின் கை தொப்பிக்குப் போயிற்று. பாக்கியம் கையெடுத்துக் கும்பிட்டாள். "யக்கா, அது பூனை. அதுக்குமா நீ வக்கீலு?"

"நமக்குத்தான் அது பூனை. அதுக்கு அது பூனையா இன்னா?" என்றார் அக்கா. அன்றைக்குச் சிரித்தோம்.

அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஒல்லியான உடம்பு, கையில் மட்டும் சதை. வீட்டுக்காரர் இருந்தாரா, இல்லையா, பிள்ளை குட்டி உண்டா, எதுவும் எங்களுக்குத் தெரியாது. காலையில் மண்ணூர் பஸ்ஸில் வருவார், சாயங்காலம் அதே பஸ்ஸில் போவார். நான் ஒருநாள் கேட்டேன், "ஊர்ல கீறவங்க கதையெல்லாம் சொல்றியே, உன் கதைய ஒருநாள் சொல்லேன்க்கா" என்று.

"அதுக்கு வேற யாராச்சும் வரணும்" என்றார். "நான் சொன்னா நான் நல்லவளாயிடுவேன்."

இதைப் பல வருஷம் மனசில் வைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு தெரிந்தவருக்கு மற்றவர்கள் விஷயத்தில் அது ஏன் தெரியாமல் போயிற்று என்று இப்போதும் யோசிக்கிறேன்.

எங்களுக்கு ஒரு சூப்பர்வைசர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், முப்பது வயதுகூட இருக்காது. பஸ் லேட்டானாலும் எங்கள் சம்பளத்தில்தான் கை வைப்பார். தண்ணீர் குடிக்க எழுந்தால் கடிகாரத்தைப் பார்ப்பார். அவரைத் திட்டுவது எங்களுக்குக் காலை டீ மாதிரி. அக்கா அவருக்குள்ளும் போனார்.

"ரூமுல ஆறு பேரு படுக்குறோம். எங்க அம்மா போன் பண்ணா நான் மாடிப்படியில போயிதான் பேசுவேன். 'சாப்ட்டியா ராசா'ன்னு கேக்கும். அத்தினி பேருக்குச் சோறு போடுற எடத்துல வேல, எனக்கு மட்டும் சாப்புட நேரம் கெடையாதும்மான்னு சொல்ல மாட்டேன். சாப்ட்டேன்னு சொல்லுவேன். மேனேஜரு என்ன எல்லார் முன்னாடியும் டேய்ம்பாரு. அதுக்கப்புறம் இந்தப் பொம்பளைங்க முன்னாடி வந்து நிக்கிறேன். இவங்க என்னப் பாத்துச் சிரிச்சுட்டாங்கன்னா நான் காலி. அதான் மொறைச்சிக்கினே நிக்கிறேன்..."

குளிர் அறைக் கதவுக்குப் பின்னால் அவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது. வேலை போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் கத்தவில்லை.

"யக்கா, நீங்க ஏசுனா வாங்கிக்கிடுதேன். தெனமும் ஏசுதீங்கன்னு எனக்குத் தெரியும். இப்பிடி மட்டும் சொல்லாதீங்க" என்றார். "நாளைக்கு நான் எப்பிடி உங்க முன்னாடி வந்து நிப்பேன்?"

அக்காவுக்கு அது விளங்கவில்லை. "உனக்கு நல்லதுதானப்பா சொன்னேன்" என்றார். அந்தப் பையன் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் அதிகம் வரவில்லை, வேறொருவரை அனுப்பினார். தனக்குள்ளே புகுந்து பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு சிலரால் நிற்க முடியாது. அதை நாங்கள் அன்றைக்கே புரிந்துகொண்டிருந்தால் மலர் விஷயம் வேறு மாதிரி போயிருக்கும்.

மலர் எங்களில் சின்னவள். கல்யாணமாகி இரண்டு வருஷம். வல்லம் வடகால் பக்கத்துக் கிராமத்தில் புருஷன் வீடு. அவனுக்குக் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை. ஒருநாள் காலையில் கன்னத்தில் விரல் தடத்தோடு வந்தாள். அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகவில்லை, என்னோடு படப்பைக்கு வந்தாள். என் வீடு ஒற்றை அறை. இருவரும் ஒரே பாயில் படுத்தோம். நிறைய அழுவாள் என்று நினைத்தேன். கேட்டதற்கு, "இதோட முடிச்சிக்கிறேன்க்கா. அவன் ஒருதடவ ருசி கண்டுட்டான்" என்றாள். சின்னப் பெண்ணுக்கு எவ்வளவு தெளிவு என்று எனக்கு வியப்பாக இருந்தது. ஒரு வாரத்துக்கு மேல் என்னோடுதான் இருந்தாள். அவள் புருஷனை நாங்கள் வட்டத்தின் நடுவில் போட்டு நறுக்கித் தள்ளினோம். அதில் ஒரு நியாயமும் இருந்தது, ருசியும் இருந்தது.

அப்படி ஒருநாள் அக்காவின் கை தொப்பிக்குப் போனது. மலர் எதிரே உட்கார்ந்து கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு பிரேக் விட்டுட்டாங்க" என்று ஆரம்பித்தார் அக்கா. காண்ட்ராக்டில் இருப்பவர்களைச் சில மாதங்களுக்கு ஒருமுறை நிறுத்திவைப்பார்கள். அதற்குப் பெயர் பிரேக். சிலரைத் திரும்பக் கூப்பிடுவார்கள், சிலரைக் கூப்பிட மாட்டார்கள். "வூட்ல சொல்லல. காலையில எழுந்து குளிச்சி, யூனிபார்ம் போட்டுக்கினு, ஐடி கார்டையும் மாட்டிக்கினுதான் வெளிய வருவேன். கார்டு செத்துப்போச்சு, கேட்டுல காட்டுனா தொறக்காது. ஆனா கழுத்துல அது இல்லாம தெருவுல நடக்க முடியல. மேம்பாலத்துக்கு அடியில போயி குந்திக்கினு இருப்பேன். பஸ்ஸெல்லாம் போவும். அதுல கீறவன் எவனாச்சும் என்னப் பாத்துருவானோன்னு தூணுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்குவேன். மதியம் ஆனா கேரியரத் தொறப்பேன். அவ வச்சி அனுப்புன சோறு எறங்காது. அப்பிடியே எடுத்துக்கினு போனா கேப்பா, அதனால நாய்க்குப் போட்டுருவேன். பஸ் வர்ற நேரம் பாத்து வூட்டுக்குப் போவேன். அன்னிக்கும் அப்பிடித்தான் போனேன். அவ சோறு போட்டுக்கினே கேட்டா, 'இன்னாங்க, இப்பல்லாம் ஓவர்டைம் இல்லியா?'ன்னு. அவ நல்லாதான் கேட்டா. எனக்கு ஊரே கேட்ட மாதிரி இருந்துச்சு. கை போயிருச்சு. அடிச்சப்புறம் என் கையப் பாத்தேன். இது யார் கைன்னு இருந்துச்சு."

கத்திகள் எல்லாம் நின்றுவிட்டன. நாங்கள் மலரைப் பார்த்தோம். புருஷனுக்கு வேலை இல்லை என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். கையில் கோஸை வைத்துக்கொண்டு, "நெசமாக்கா?" என்றாள்.

"பாலத்துக்கு அடியில பாத்தேன்மா. பஸ்ஸுல வரும்போது தெனமும் பாக்குறேன். அந்தக் கம்பெனி ஆளு ஒருத்தன் நம்ம கேன்டீன்ல சாப்புடுறான், அவனாண்டயும் கேட்டேன்."

"பாவம்டி அவனும்" என்றாள் பாக்கியம். காலையில் அதே வாயால் அவனைக் கட்டையில போறவன் என்று திட்டியிருந்தாள். எல்லோரும் தலையை ஆட்டினோம். அந்தக் கதையில் மேம்பாலத் தூண் இருந்தது, நாய் இருந்தது, செத்துப்போன கார்டு இருந்தது. மலர் அதில் எங்கே இருந்தாள் என்றால், ஒரு கேள்வியாக இருந்தாள். பிறகு ஒரு கன்னமாக இருந்தாள். அவ்வளவுதான். கேட்கும்போது அது யாருக்கும் படவில்லை. எந்தப் பக்கத்துக் கண்ணை நமக்குக் கொடுக்கிறார்களோ அந்தக் கண்ணால்தானே பார்க்க முடியும். மலரே அன்று தன்னை அவன் கண்ணால்தான் பார்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து துணிகளைப் பையில் அடைத்தாள். "அத்தினி நாளு பசியோட இருந்துருக்கான்க்கா" என்றாள். படப்பையிலிருந்து ஒரகடம் போகிற ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

அந்த நாட்களில் ஒருமுறை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அக்காவிடம் கேட்டேன், "அவன் மனசுல ஓடுறதெல்லாம் உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று.

"பாதி கண்ணால பாத்தது. கொஞ்சம் அவங்க இவங்களாண்ட கேட்டது. மீதி, அந்த எடத்துல நானா இருந்தா இன்னா பண்ணுவேன்னு நெனச்சிப் பாப்பேன்."

அந்த மீதியில்தான் கோளாறு. அக்கா நல்லவர். யாருக்குள் போனாலும் அங்கே ஒரு நல்லவரை உட்கார வைத்துவிட்டுத்தான் வெளியே வருவார். அடித்த பிறகு கையைப் பார்த்து, இது யார் கை என்று திகைத்தது அக்காதான். அவன் திகைத்தானா என்று யாருக்குத் தெரியும்?

"அப்ப யார் மேலயும் தப்பே இல்லியாக்கா?" என்றேன்.

"தப்பு இல்லன்னு நான் எப்ப சொன்னேன்? உள்ள போயி பாத்துட்டு வந்து திட்டுங்கிறேன். தெருவுல நின்னுகினு கல்லு உடாதங்கிறேன்." பஸ் வந்தது. ஏறிக்கொண்டே சொன்னார், "உள்ள போனவங்க யாரும் திட்டுறதில்ல. அதுக்கு நான் இன்னா பண்ண?"

மழை தொடங்கிய மாதத்தில் மலர் சில நாள் வேலைக்கு வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. திரும்பி வந்த அன்று அவள் உட்காரும் இடத்தில் உட்காராமல் நின்றாள். பக்கத்தில் போய் ஸ்டூலைத் தட்டிக் காட்டினார் அக்கா.

"அந்தப் பக்கம் வாக்கா. இந்தக் காது போச்சு."

அடித்ததில் ஜவ்வு கிழிந்துவிட்டது. சீழ் பிடித்து, ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்தார்களாம். இனிமேல் அந்தக் காதில் கேட்காது என்று சொல்லிவிட்டார்களாம். யாரும் எதுவும் கேட்காமலே மலர் சொன்னாள், கோஸின் மேல்தோலைப் பிய்த்துக்கொண்டே, "நீ சொன்னதத்தான் அவனாண்ட சொன்னேன்க்கா. எனக்கு எல்லாம் தெரியும், பாலத்துக்கடியில குந்திக்கினு இருக்காத, பரவால்ல, வேற வேல கெடைக்கிற வரைக்கும் வூட்லயே இருன்னு சொன்னேன். நல்லாதான் சொன்னேன். அதுக்குத்தான் அடிச்சான். மொதல்ல அடிச்சது ஒண்ணுமே இல்ல."

அன்று அக்கா மத்தியானச் சாம்பாருக்குப் பெரிய துண்டாகப் போட வேண்டிய பூசணிக்காயைப் பொரியலுக்குப் போல் பொடிப்பொடியாக நறுக்கித் தள்ளியிருந்தார். கூடை கூடையாக. சூப்பர்வைசர் பையன் வந்து பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அக்கா தொப்பியை ஏற்றிவிட்டு நான் பார்த்ததில்லை. நாங்கள் யாரை வேண்டுமானாலும் திட்டலாம் என்று ஆகிவிட்டது. திட்டினோம். ஆனால் பழைய ருசி இல்லை. அடுத்த வருஷம் கேன்டீன் காண்ட்ராக்ட் வேறொருவருக்குக் கைமாறியது. அவர்கள் காயை நறுக்கியே கொண்டுவந்து இறக்கினார்கள். ஆளுக்கொரு பக்கம் சிதறினோம். அக்கா ஏதோ கம்பெனியில் தரை துடைக்கிறார் என்று கேள்விப்பட்டேன். மண்ணூரில் அவர் இருந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டு இப்போது குடோன் கட்டியிருக்கிறார்கள். எங்கே போனார் என்று சொல்ல அங்கே யாருமில்லை. அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

காது போனதும் மலர் மறுபடி என் வீட்டுக்கே வந்துவிட்டாள். சில வாரங்களில் புருஷன் வீட்டிலிருந்து ஆள் வந்தது. பேசி முடித்துவிடலாம் என்றார்கள். அந்தப் பக்கத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. புருஷனும் பொண்டாட்டியும் வாயைத் திறக்கக் கூடாது. பேச்சு தடித்துவிடும் என்பார்கள். பையன் பக்கம் பேச ஒருவர், பெண் பக்கம் பேச ஒருவர். இரண்டு பேரும் பேசி முடித்ததும் பெரியவர்கள் ஒரு முடிவு சொல்வார்கள். மலருக்குப் பேச ஆள் இல்லை. அப்பாவும் அம்மாவும் இல்லை. திருவண்ணாமலைப் பக்கம் இருந்த அண்ணன், லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டான். முடிவு அவன் பக்கம் போனால் அவள் திரும்பவும் அந்த வீட்டுக்குள் போய்த்தான் ஆக வேண்டும். இன்னொரு காதுதான் மிச்சம்.

மலர் நேராக அக்காவிடம் போனாள். "அவன் பக்கம் அவ்ளோ நல்லாப் பேசுன. எம்பக்கம் ஒருதடவ வந்து பேசு."

அக்கா ஒப்புக்கொண்டார். மதிய சாப்பாட்டு நேரத்தில் மலரைத் தனியே உட்கார வைத்து, கேட்கிற காதின் பக்கம் இருந்து, கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"இன்னா நடந்துச்சுன்னு மொதல்லருந்து சொல்லு."

"சோறு போட்டுக்கினு இருந்தேன். பரவால்லன்னு சொன்னேன். அடிச்சான்."

"அடிச்சப்ப உனக்கு இன்னா தோணுச்சு?"

மலர் யோசித்தாள். "ஒண்ணும் தோணல. கொழம்புச் சட்டி கவுந்துருச்சான்னு பாத்தேன்."

"அதுக்கு முன்னாடி? மனசுல இன்னா வச்சிக்கினு இருந்த?"

"இன்னா வச்சிக்கினு இருப்பாங்க சோறு போடும்போது? சோறுதான்." அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அவனுக்குக் காரணம் கீது, அதனால அவனுக்குக் கதை கீது. எனக்கு இன்னாக்கா கீது? அடி வாங்குனேன். அடி வாங்குறதுக்குக் காரணமா சொல்லுவாங்க?"

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்குள்ளும் நுழைந்துவிடுகிறவர், அன்று வாசலிலேயே நின்றதுபோல் எனக்குத் தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, புருஷன் ஊரில் கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகையில் கூடினோம். நல்ல வெயில். தகரம் காய்ந்து சூடு இறங்கிக்கொண்டிருந்தது. செருப்புகளை வெளியே விட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்தோம். பெரியவர்கள் இரண்டு பேருக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. பையன் பக்கம் பேச அவன் பெரியப்பா வந்திருந்தார். முன்பு விவசாயம், இப்போது ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அவன் அவர் பின்னால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பெரியப்பா எழுந்தார். "நான் புதுசா ஒண்ணும் சொல்லப்போறதில்ல. பொண்ணு பக்கம் பேச வந்துருக்காங்களே, இந்தம்மா. இவங்களே கேன்டீன்ல வச்சிச் சொன்னதத்தான் சொல்லப்போறேன்" என்றார்.

சொன்னார். பிரேக் விட்டதைச் சொன்னார். பாலத்தடித் தூணைச் சொன்னார். செத்துப்போன கார்டு, நாய்க்குப் போட்ட சோறு, ஒன்றையும் விடவில்லை. எங்கள் வட்டத்தில் பேசியது எந்த வழியாக அவர் காதுக்குப் போயிற்றோ. அக்கா சொன்ன சொல்லிலேயே சொன்னார். கூட்டத்தில் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். நான் அவள் புருஷனைப் பார்த்தேன். அவன் தலை மெல்ல நிமிர்ந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. தன்னைப் பற்றி இவ்வளவு நல்ல கதை இருக்கிறது என்று அவனுக்கே இப்போதுதான் தெரிகிறது போலிருந்தது. 'இது யார் கை' என்ற இடம் வந்தபோது அவன் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

"பெரிய தப்பு ஒண்ணும் இல்ல. வேல போன கடுப்பு. ஆம்பள மனசு" என்றார் நாற்காலியில் இருந்தவர்களில் மூத்தவர். "நீ சொல்லும்மா, பொண்ணு பக்கம்."

அக்கா எழுந்தார். "நான் சோறு போட்டுக்கினு இருந்தேன்" என்றார். எப்போதும்போல அதே குரல். "பரவால்லன்னு சொன்னேன். அடிச்சான். காது போச்சு."

கூட்டம் காத்திருந்தது. தகரம் எங்கோ சடசடத்தது.

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

யாரோ சிரித்தார்கள். பெரியப்பா கையை விரித்துப் பெரியவர்களைப் பார்த்தார். மூத்தவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கோபமில்லாமல், குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "அப்பிடி மொட்டையா சொன்னா எப்பிடிம்மா? காரணம் இல்லாமயா ஒருத்தன் கட்டுனவள இந்த அடி அடிப்பான்? அந்தப் பொண்ணு பரவால்லன்னு சொன்னதுக்கு இவனுக்கு ஏன் அவ்ளோ கோவம் வந்துச்சு? ஊர்ல எல்லாரோட மனசும் உனக்குத் தெரியுமாமே. சொல்லு. கேட்டுக்கினு ஒரு முடிவுக்கு வருவோம்."

அக்காவுக்குத் தெரியும். அங்கே இருந்தவர்களில் அவர் ஒருவருக்குத்தான் அது முழுதாகத் தெரியும். தனக்குள்ளே புகுந்து பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்த ஆளுக்கு என்ன ஆகும் என்பதைச் சூப்பர்வைசர் பையன் நேருக்கு நேராக வந்து அவரிடம் சொல்லியிருந்தார். சொல்லத் தொடங்கினால் அதை நன்றாகவே சொல்லிவிடுவார். சொல்லி முடிக்கும்போது கொட்டகையில் ஒரு கண் காய்ந்திருக்காது. மலரின் பையை யாராவது ஒரு பெண் எடுத்துக்கொண்டுபோய் அவன் வீட்டில் வைத்துவிடுவாள்.

அவர் கை தலைக்குப் போனது. தொப்பி இல்லாத தலை. முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுக்கொண்டு கையை இறக்கினார்.

"காரணம் எனக்குத் தெரியும்" என்றார். "சொல்ல மாட்டேன்."

"சொல்லலன்னா முடிவு அவன் பக்கம்தான்மா போவும்."

"போவட்டும். இவ போவ மாட்டா" என்றார் அக்கா. பாயிலிருந்து இறங்கி வெயிலுக்குள் போனார். வெளியே குவிந்து கிடந்த செருப்புகளில் குனிந்து தேடி, மலரின் செருப்பை இரண்டு கையாலும் எடுத்துவந்து, அத்தனை பேர் பார்க்க, அவள் காலடியில் வைத்தார்.